துரைக்குப் பிடித்த வடகம்

என் மகள் கடைக்குப் போனால் எந்தப் பொட்டலத்தையும் முதலில் திருப்பிப் பின்பக்கத்தைத்தான் படிப்பாள். நீலாயில் ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறாள். படிக்காமல் அவளால் எதையும் வாயில் வைக்க முடியாது. இந்தப் பிஸ்கட்டில் இருக்கும் எண்ணெய் யார் காட்டை அழித்து வந்தது, இந்த இறாலை உரித்தவர்களுக்கு ஒழுங்காகக் கூலி கொடுத்தார்களா, இதையெல்லாம் விசாரித்துவிட்டுத்தான் வாங்க வேண்டுமாம். எடுத்த சாமானில் பாதி திரும்ப அலமாரிக்கே போய்விடும். நான் தள்ளுவண்டியைப் பிடித்தபடி நிற்பேன். எனக்குக் கால் வலிக்கும்.

அவள் சொல்வது தப்பென்று நான் சொல்லவில்லை. சாப்பாடு எங்கிருந்து வருகிறது என்று அவள் கேட்கிறாள். எங்கள் காலத்தில் சாப்பாடு எங்கே போகிறது என்று கேட்டார்கள். கேட்டது போலீஸ்காரர்கள். பதில் சொன்னது என் அம்மா. அவள் சொன்ன பதிலைத்தான் இங்கே எழுதப் போகிறேன். மகளிடம் இதை முழுதாகச் சொன்னதில்லை. சொன்னால் அழுவாள், பிறகு நான் அவளைச் சமாதானம் செய்ய வேண்டியிருக்கும்.

மலாயாவின் அவசரகாலம் என்று இப்போது எழுதுகிறார்கள். எங்களுக்கு அது கம்பிவேலிக் காலம். சுவாவிலிருந்து உள்ளே போகும் செம்மண் சாலையில் எங்கள் ரப்பர் தோட்டம். அங்கங்கே சிதறிக் கிடந்த லயங்களை, கூலிக்காரர்களின் வரிசை வீடுகளையெல்லாம் பிரித்து, ஆட்களை ஒரே இடத்தில் குடிவைத்து, சுற்றிக் கம்பிவேலி போட்டுவிட்டார்கள். காட்டில் கம்யூனிஸ்டுகள் துப்பாக்கியோடு இருந்தார்கள். அவர்களுக்கு எங்களில் யாராவது சோறு கொடுத்துவிடக் கூடாது என்பதற்குத்தான் வேலி. பால்வெட்டப் போகிறவர்கள் விடியற்காலையில் வாசலில் வரிசையாக நிற்க வேண்டும். பெண்களைப் பெண்கள் தடவிப் பார்ப்பார்கள். வாளியும் உளியும் போகலாம். சாப்பாடு போகக் கூடாது. கறுப்புத் தேநீர் போகலாம், சீனி போட்டிருக்கக் கூடாது. வாசலில் நிற்கும் காவல்காரர் சில நாள் போத்தலைத் திறந்து ஒரு வாய் குடித்துப் பார்ப்பார். பிறகு அதையே அம்மா குடிக்க வேண்டும். அவள் போத்தல் வாயை முந்தானையால் துடைத்துக்கொள்வாள்.

அதுவும் போதவில்லை என்று பிறகு பொதுச் சமையல் வந்தது. எந்த லயத்து வீட்டிலும் அரிசி இருக்கக் கூடாது. ஒரு கொட்டகையில் பெரிய பெரிய அண்டாக்களை வைத்து, எல்லாருக்குமாகச் சோறு பொங்கி அளந்து கொடுத்தார்கள். அரிசியாக இருந்தால் காட்டுக்குப் போய்ச் சேரும், சோறாக்கிவிட்டால் மறுநாளே புளித்துவிடும், யாருக்கும் ஆகாது. அதுதான் கணக்கு. யாரோ நாற்காலியில் உட்கார்ந்து நன்றாக யோசித்திருக்கிறார்கள். ஒரு குறையும் சொல்ல முடியாது.

பட்டினி என்று நினைத்துவிடாதீர்கள். சோறு கிடைத்தது. ஒரு நாள் குழைந்திருக்கும், ஒரு நாள் அரைவேக்காடாக இருக்கும், ஆனால் கிடைத்தது. சாயங்காலம் மங்குத் தட்டையும் சட்டியையும் தூக்கிக்கொண்டு பெண்கள் வரிசையில் நிற்பார்கள். வீட்டுக்கு வந்து ரசமோ கருவாட்டுக் குழம்போ வைத்துக்கொள்வார்கள். எந்த வீட்டிலும் உலை கொதிக்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். அம்மா முதல் சில நாள் அடுப்பை மூட்டிவிட்டு வெறுமனே அதன் முன்னால் உட்கார்ந்திருந்ததைப் பார்த்திருக்கிறேன்.

தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி வீட்டில் இந்தச் சட்டம் இல்லை. அவருக்கு அரிசியை அளந்து கொடுப்பார்கள், அவர் மனைவி வீட்டிலேயே பொங்கிக்கொள்வார். தோட்டத்தை நடத்தும் வெள்ளைக்காரத் துரையின் பங்களாவில் அளவும் இல்லை. சமையலறை மூலையில் அரிசி மூட்டையாகவே நின்றது. துரையின் நாய்களுக்குக் கறி போட்டுத் தனியாகச் சோறு வேகும். அதே அரிசிதான். கம்பிவேலிக்கு இந்தப் பக்கம் வந்தால் வெடிகுண்டு மாதிரி, அந்தப் பக்கம் போனால் நாய்ச்சோறு. நான் இரண்டு பக்கமும் போய்வந்துகொண்டிருந்தேன், அதனால் எனக்குத் தெரியும்.

எனக்கு அப்போது கல்யாண வயது. பங்களா சமையலறையில் பாத்திரம் கழுவுவது, காய் நறுக்குவது என் வேலை. சமைப்பவர் ஒரு ஹைனான் சீனர். நல்ல மனிதர், வாயைத் திறந்தால் திட்டு. மத்தியானமானால் ஒரு தட்டில் சோற்றைக் குவித்து என் முன்னால் தள்ளி "மாக்கான்!" என்று கத்துவார். சாப்பிடு என்பதைக்கூட அவருக்குச் சண்டை போடுவது போலத்தான் சொல்லத் தெரியும். அங்கே வயிறு முட்டத் தின்றுவிட்டு வருவதால் வீட்டில் எனக்கு இரவில் பசிக்காது. என் பங்குச் சோறு மிஞ்சும்.

மிஞ்சிய சோற்றைக் கொட்டகையில் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது உத்தரவு. அங்கே ஒரு குழி. சோற்றை அதில் கொட்டி மேலே சுண்ணாம்பைத் தூவுவார்கள். எல்லாரும் கொண்டுபோய்க் கொட்டினார்கள். முகத்தைத் திருப்பிக்கொண்டு கொட்டினார்கள், ஆனால் கொட்டினார்கள்.

அம்மாவால் முடியவில்லை. அவள் ஜப்பான்காரன் காலத்தைத் தாண்டி வந்தவள். அப்பாவை அப்போது சயாம் ரயில்பாதைக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள், அவர் வரவில்லை. அவள் தனியாக என்னை மரவள்ளிக்கிழங்கைக் கொடுத்தே பிழைக்க வைத்தாள். இந்தியாவில் பிறந்து, பாவாடை கட்டும் வயதில் தன் அப்பாவோடு கப்பலேறி வந்தவள். அந்த ஊரின் பெயரைத் தவிர அவளுக்கு அங்கே எதுவும் ஞாபகம் இல்லை. ஊரைப் பற்றிக் கேட்டால் ஒரு கிணறு இருந்தது என்பாள். ஆனால் வடகம் போடத் தெரியும். மிஞ்சிய சோற்றை ஒரு பெண் வேறு என்ன செய்வாள்? பழைய சோற்றுக்குத் தண்ணீர் ஊற்றியது போக இருந்ததைப் பிசைந்து, உப்பு, பச்சை மிளகாய், சீரகம், கொஞ்சம் சின்ன வெங்காயம் போட்டு, பழைய வேட்டித் துணியில் கிள்ளிக் கிள்ளி வைத்து வெயிலில் காயவைத்தாள்.

கோழிக்கூண்டின் தகரக் கூரைமேல் எல்லார் கண்ணுக்கும் தெரியத்தான் காயப்போட்டாள். வடகத்தைப் போய் யார் ஒளித்துக் காயப்போடுவார்கள்? காக்காய்க்கு மட்டும்தான் பயந்தாள். ஒரு குடைக்கம்பியில் கறுப்புத் துணி கட்டி நட்டு வைத்திருந்தாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்து வாயில் போட்டுப் பார்த்து, உப்பு போதாது என்று சொல்லிவிட்டு ஒரு கை அள்ளிக்கொண்டு போவார்கள். காய்ந்ததையெல்லாம் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு மூடி வைத்தாள். எனக்குக் கல்யாணம் என்று ஒன்று நடந்தால் பந்தியில் போட ஆகும் என்றாள். அந்தப் பேச்சு எனக்குப் பிடிக்கும், அதனால் நானும் அவளைத் தடுக்கவில்லை.

லயத்தில் போலீஸ் சோதனை போட வந்த அன்று நான் பங்களாவில் இருந்தேன். மத்தியானம் போலீஸ் ஜீப் வந்து நின்றது. வெள்ளைக்கார அதிகாரி இறங்கினார், கையில் எங்கள் வீட்டு பிஸ்கட் டின். பின்னால் அம்மா. பால்வெட்டுத் துணியோடு அப்படியே கூட்டிக்கொண்டு வந்திருந்தார்கள், கையெல்லாம் ரப்பர் பால் காய்ந்து வெள்ளையாக இருந்தது. கிராணியையும் மொழிபெயர்க்க அழைத்து வந்திருந்தார்கள். துரைக்கு நன்றாகவே தமிழ் தெரியும், கெட்ட வார்த்தை உட்பட. அதிகாரிக்குத்தான் தெரியாது.

அம்மாவைப் படிக்குக் கீழே நிறுத்தினார்கள். நான் சமையலறைக் கதவிடுக்கில் நின்று பார்த்தேன். அதிகாரி டின்னைத் திறந்து ஒரு வடகத்தை எடுத்து முகர்ந்து பார்த்தார். நாய் பிஸ்கட் மாதிரி இருக்கிறதே என்றோ என்னவோ சொன்னார், துரை சிரித்தார். இது என்னவென்று கிராணி கேட்டார்.

"வடகம், தொரை. சோத்து வடகம். எண்ணெயில போட்டாப் பூவாப் பொரியும். வேணும்னா பொரிச்சுத் தின்னு பாருங்க." அம்மா அதிகாரியைப் பார்க்கவில்லை. தமிழ் தெரிந்த துரையைப் பார்த்துச் சொன்னாள்.

துரைக்கு அது விளையாட்டாக இருந்திருக்க வேண்டும். ஒரு கை அள்ளி உள்ளே அனுப்பினார். சீனருக்கு அதை என்ன செய்வதென்று தெரியவில்லை, வாணலியை என்னிடம் விட்டுவிட்டார். நான்தான் பொரித்தேன். நன்றாகப் பொரிக்க வேண்டும், கருகிவிடக் கூடாது என்பது மட்டும்தான் மனதில் இருந்தது. தட்டில் வைத்து வெளியே கொண்டுபோனேன். அம்மா என்னைப் பார்த்தாள், தட்டைப் பார்த்தாள். தலையை லேசாக அசைத்தாள், பதமாக வந்திருக்கிறது என்று.

இருவரும் பீர் குடித்துக்கொண்டே தின்றார்கள். நன்றாக இருக்கிறது என்று துரை தமிழிலேயே சொன்னார். அம்மாவின் முகம் தெளிந்தது. தின்றுவிட்டார்கள், இனி தெரிந்துவிடும், இது வெறும் வடகம் என்று. எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அதிகாரி விரலை நக்கிக்கொண்டு கிராணியிடம் ஏதோ கேட்டார். கிராணி ஒரு முறை டின்னைப் பார்த்தார். பிறகு சொன்னார்.

"இது எத்தன நாளைக்குக் கெடாம இருக்கும்னு கேக்கிறாரு."

கிராணி அவளைப் பார்த்த பார்வையில் விஷயம் இருந்தது. அம்மாவுக்கு அது படவில்லை. அவள் கைப்பக்குவத்தைப் பற்றி ஒரு வெள்ளைக்காரர் கேட்கிறார். வாழ்க்கையில் யாரும் அவளிடம் அப்படிக் கேட்டதில்லை.

"வருஷம் ஆனாலும் கெடாது, தொரை. என் கைப்பக்குவம் அப்படி. மழையில நனையாமப் பாத்துக்கிட்டாப் போதும்."

கிராணி மொழிபெயர்த்தார். அதிகாரி டின்னை மூடினார். புளித்துப் போக வேண்டும் என்பதற்காகவே பொங்கிய சோற்றை, வருஷக்கணக்கில் கெடாத சாப்பாடாக மாற்றி வைத்திருக்கிறாள் ஒரு கூலிக்காரி. காட்டில் இருப்பவர்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? அவளே ஒப்புக்கொண்டாள், சுவைத்தும் பார்த்தாயிற்று. அம்மாவை ஜீப்பில் ஏற்றினார்கள். துரை ஒன்றும் சொல்லவில்லை. வடகம் என்றால் என்னவென்று அவருக்குத் தெரியும். இருபது வருஷம் தமிழர்களுக்கு நடுவில் இருந்தவர். தட்டில் மிஞ்சியிருந்த ஒன்றிரண்டை நான் எடுத்து வந்து கழுவும் தொட்டியில் போட்டேன். தண்ணீர் பட்டதும் அவை அமுங்கிப் போயின.

தோட்டத்தில் எல்லாரும் ஒரே விஷயத்தைச் சொன்னார்கள். துரை ஒரு வார்த்தை சொன்னால் போதும், விட்டுவிடுவார்கள். கிராணியும் அதையே சொன்னார். "நீ உள்ளயே வேல செய்யிறவ. நேரம் பாத்துக் கேளு லா. தொரை சொன்னா போலீஸ் கேப்பான்." நான் நேரம் பார்த்தேன். சீக்கிரமே அந்த நேரம் தானாக வந்தது. ஒரு நாள் துரையின் மனைவி துரைசானி சமையலறைக்கு வந்து, அன்றைக்குப் பொரித்தது இன்னும் இருக்கிறதா, துரை கேட்கிறார் என்றாள். இல்லை, ஆனால் போடலாம் என்றேன்.

அப்படித்தான் பங்களாவில் வடகம் போட ஆரம்பித்தேன். சோற்றுக்குப் பஞ்சமில்லை. துரைசானி ஒரு நல்ல படுக்கை விரிப்பையே எடுத்துக் கொடுத்தாள். முன்பக்கத்துப் புல்தரையில் விரித்துக் கிள்ளி வைத்தேன். வேலி ரோந்து போகும் காவல்காரர்கள் அதைத் தாண்டித்தான் போவார்கள். துப்பாக்கி வைத்திருந்த ஒருவர் குனிந்து ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு போனார். என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் துரையும் துரைசானியும் சி ரூசா கடற்கரைக்குக் குளிக்கப் போவார்கள். பொரித்து ஒரு டின்னில் அடைத்துக் கொடுப்பேன். கார் வேலி வாசலில் நிற்காமலே போகும். காவல்காரர் சல்யூட் அடிப்பார்.

கோபம் வரவில்லையா என்று மகள் கேட்பாள், இதைப் படித்தால். வரவில்லை. எனக்கு ஒன்றுமே வரவில்லை. கையும் காலும் வேலை செய்தன, வாய் பேசியது, ராத்திரி படுத்தால் தூக்கம்கூட வந்தது. உள்ளே மட்டும் பல் பிடுங்க ஊசி போட்ட தாடை மாதிரி கிடந்தது. ஒரே ஒரு விஷயத்தில்தான் எனக்கு அக்கறை இருந்தது. வடகம் நன்றாக வர வேண்டும். நன்றாக வந்தால் துரைக்குப் பிடிக்கும். பிடித்தால் கேட்கலாம்.

கேட்டேன். காலையில் அவர் நாய்களோடு நின்றபோது. "அம்மாவப் பத்தி ஒரு வார்த்த சொல்லுங்க, தொரை. அவ யாருக்கும் குடுக்கல. என் கல்யாணத்துக்குச் சேத்து வச்சா."

"பாக்கலாம்," என்றார். "நீ உன் வேலையைப் பார்."

அவர் முகம் கடுகடுக்கவில்லை. அதனால் நல்லது நடக்கும் என்று நினைத்தேன்.

ஒரு முறை அம்மாவைப் பார்க்க விட்டார்கள். தடுப்பு முகாம் வெகுதூரம், போய்ச் சேரவே ஒரு பகல் போனது. கையில் எதுவும் கொண்டுபோகக் கூடாது என்றார்கள், வெறுங்கையோடு போனேன். நடுவில் ஒரு கம்பி வலை. அம்மா கொஞ்சம் சதை போட்டிருந்தாள். அங்கே மூன்று வேளையும் சோறு போடுகிறார்களாம், எவ்வளவு கேட்டாலும் போடுகிறார்களாம். அதைச் சொல்லிவிட்டுச் சிரித்தாள். பிறகு கேட்டாள்.

"தொரை வார்த்த சொன்னாரா?"

"பாக்கலாம்னு சொன்னாரு. வடகம் போட்டுக் குடுக்கிறேன்மா. விரும்பிச் சாப்பிடுறாரு. கேட்டு வாங்கிச் சாப்பிடுறாரு."

அம்மா வலைக்கு அருகில் வந்தாள். எனக்கு ஏதோ தைரியம் சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன். "சீரகம் எவ்வளவு போடுற?" என்றாள். சொன்னேன். "பத்தாது. கூடப் போடு. கையால அரைச்சுப் போடு. பச்ச மொளகாய கொறச்சுக்க, வெள்ளக்காரங்களுக்கு ஒறப்பு ஆகாது. அன்னைக்குத் தின்னப்பவே ஒரு மாதிரி மூஞ்சியச் சுளிச்சாரு, நான் பாத்தேன்." நேரம் முடிந்துவிட்டது என்று சொல்லும்வரை அவள் அதைப் பற்றித்தான் பேசினாள். எங்கள் இருவருக்கும் அதைவிட முக்கியமான பேச்சு அப்போது வேறு இருக்கவில்லை.

திரும்பி வந்து அவள் சொன்னபடியே போட்டேன். சீரகத்தைக் கூட்டி, மிளகாயைக் குறைத்து. உண்மையிலேயே நன்றாக வந்தது. துரை இரண்டு தட்டு சாப்பிட்டார். விருந்தாளிகள் வந்தால் அவர்களுக்கும் கொடுக்கச் சொன்னார். துரைசானி ஒரு டின் நிறைய அடைத்துப் பக்கத்துத் தோட்டத்துத் துரைக்கு அனுப்பினாள். ஒவ்வொரு முறை நன்றாக இருக்கிறது என்று அவர்கள் சொன்னபோதும், அம்மா ஒரு அடி கிட்டே வந்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம். வராந்தாவில் துரையோடு இரண்டு விருந்தாளிகள். நான் வாணலி வைத்திருந்தேன். கிராணி பின்வாசலில் வந்து நின்றார், உள்ளே வரவில்லை. செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"அம்மாவ அனுப்பிட்டாங்க லா," என்றார். "இந்தியாவுக்கு. கப்பல் போயாச்சாம். இன்னைக்குத்தான் ஆபீசுக்குத் தகவல் வந்துச்சு."

நான் இங்கே பிறந்தவள், என்னை அனுப்ப மாட்டார்கள். அவள் அங்கே பிறந்தவள், அதனால் அனுப்பலாம். கிராணி இதை எனக்கு விளக்கிக்கொண்டிருந்தார். அங்கே அவளுக்கு யாரும் இல்லையே என்றேன். எண்ணெய் புகைய ஆரம்பித்தது, சீனர் வந்து வாணலியை நகர்த்தினார். முன்பக்கத்திலிருந்து மணி அடித்தது. பொரித்து வைத்திருந்த தட்டை எடுத்துக்கொண்டு போனேன். போகாமல் இருந்திருக்கலாம். போகாமல் இருக்கலாம் என்று எனக்குத் தோன்றவில்லை.

விருந்தாளிகள் எடுத்துக்கொண்ட பிறகு துரையின் பக்கம் போய் நின்றேன். "அம்மாவ இந்தியாவுக்கு அனுப்பிட்டாங்களாம், தொரை," என்றேன்.

"தெரியும்," என்றார். அவருடைய தமிழ் எப்போதும் போல நிதானமாக வந்தது. "என்னைக் கேட்டாங்க. ஜெயில்ல வைக்கட்டா, ஊருக்கு அனுப்பட்டான்னு. வயசான பொம்பள, சொந்த ஊருக்கே அனுப்பிடுங்கன்னு நான்தான் சொன்னேன். நீ கேட்டுக்கிட்டியே."

நல்லது செய்ததாகத்தான் நினைத்தார். முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. நன்றி சொல்வேன் என்று ஒரு நிமிஷம் காத்திருந்தார். நான் சொல்லவில்லை. அவர் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவும் இல்லை. விருந்தாளிகளின் பக்கம் திரும்பி அவர்கள் பேச்சில் சேர்ந்துகொண்டார், பேசிக்கொண்டே பார்க்காமல் கையை நீட்டினார். கை தட்டுக்கு எட்டவில்லை. நான் கொஞ்சம் குனிந்து தட்டைத் தாழ்த்திப் பிடித்தேன்.